வெயில் தலையிடி

என் மகளுக்கு வெயில் போதாது என்று டொக்டர் சொன்னபோது எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு கோபம் வந்தது. திருகோணமலையில் பிறந்து திருகோணமலையிலேயே இருக்கிற ஒருத்திக்கு வெயில் போதாதாம். அது பங்குனி மாதம். கிளினிக் வாசலில் நிறுத்திவிட்டு வந்த ஸ்கூட்டரின் சீற்றில் கையை வைத்தால் கை வெந்துவிடும். வீதியோரத்தில் படுத்துக் கிடக்கிற மான்கள்கூட ஒன்பது மணிக்கே எழும்பி மரத்தடிக்குப் போய்விடுகிற காலம். இந்த ஊரில் வெயில் போதாதென்றால் வேறு எங்கே போய்த் தேடுவது?

ஆனால் மகளின் கால் பொய் சொல்லவில்லை. அவளுக்கு இருபத்தைந்து வயது, பாங்கில் வேலை. ஆறேழு மாதமாகப் பாங்கின் மேல்மாடிக்குக் கைபிடியைப் பிடித்துத்தான் ஏறுகிறாள். நிலத்தில் இருந்தால் முழங்காலில் கையை ஊன்றித்தான் எழும்புகிறாள். பின்னேரம் வீட்டுக்கு வந்தால் தொடையெல்லாம் அடித்துப்போட்ட மாதிரி நோகிறது என்று கதிரையில் விழுவாள். நான் அதைச் சோம்பல் என்றே முடிவு கட்டியிருந்தேன். சாப்பிடுவதில்லை, எந்நேரமும் போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், அதுதான் வருத்தம், வேறு நோய் ஒன்றும் இல்லை என்று ஏசினேன். அவள் எழும்புகிற விதத்தைச் செய்துகாட்டிக் கேலியும் பண்ணினேன். கொழும்புக்கு அனுப்பிய இரத்தத்தின் ரிப்போர்ட் வந்த பிறகு அந்தக் கேலியை நினைக்க எனக்கே வெட்கமாக இருந்தது. விற்றமின் டி இருக்கவேண்டிய அளவில் பாதிகூட இல்லை.

டொக்டர் ஒரு பெண். என் மகளைவிட ஏழெட்டு வயது கூட இருக்கும். பேனையை மேசையில் வைத்துவிட்டு, “ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் உங்கட உடம்பில வெயில் படும்?” என்று மகளைக் கேட்டார்.

“எனக்கு வெயில் சரிவராது டொக்டர். வெயில் தலையிடி இருக்கு. சின்ன வயசில இருந்தே.”

“எப்ப தொடங்கினது?”

“ஆறாம் ஆண்டு படிக்கேக்குள்ள. என்ன அம்மா?”

நான் “ஓம்” என்றேன்.

அப்படி ஒரு வருத்தம் அவளுக்கு இருக்கவில்லை. அதை உண்டாக்கியவள் நான். துறைமுகத்தில் ஒரு கப்பல் முகவரின் கந்தோரில் நான் எழுதுவினைஞர். கடிதம் எழுதுவதுதான் என் பிழைப்பு, நன்றாக எழுதுவேன். அவள் ஆறாம் ஆண்டில் பள்ளிக்கூட வலைப்பந்துக் குழுவுக்கு எடுபட்டாள். பள்ளிக்கூடம் விட்டதும் பட்டப்பகல் வெயிலில் மைதானத்தில் பயிற்சி. இரண்டே கிழமையில் பிள்ளையின் முகமும் கையும் கறுத்துப் போயின. அந்த நேரம் பார்த்து ஒரு கலியாண வீட்டில் உறவுக்காரி ஒருத்தி அவளுடைய நாடியைப் பிடித்து முகத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதுவும் தாயைப்போலத்தான் வரப்போகுது” என்றாள். நான் கறுப்பு. எனக்குக் கலியாணம் பேசிய காலத்தில் வந்தவர்களும் போனவர்களும் சொன்னதெல்லாம் எனக்குப் பாடம். என் பிள்ளைக்கு அது வரக்கூடாது என்று நினைத்தேன். அடுத்த நாள் கந்தோரில் இருந்தே எழுதினேன். மேற்படி மாணவிக்கு வெயிலில் நிற்கும்போது கடுமையான தலையிடி ஏற்படுவதால் பயிற்சியிலிருந்து விலக்களிக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

அந்தக் கடிதத்தைப் பற்றி ரீச்சர் கேட்டிருக்கிறார். பிள்ளை வீட்டுக்கு வந்து, “எனக்குத் தலையிடி வாறதோ அம்மா?” என்று கேட்டாள். “வரும். வெயிலில நிண்டால் வரும். உனக்குத் தெரியாது” என்று சொன்னேன். பதினொரு வயதுப் பிள்ளை வேறு யாரை நம்பும்? அதற்குப் பிறகு நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. குடை இல்லாமல் அவள் படலையைத் தாண்டியதில்லை. பந்தைத் தொட்டதும் இல்லை.

டொக்டரின் முன்னால் அதைச் சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. அவர் அதற்குள், “அப்ப முதல்ல குளிசையால கூட்டுவம். வெயிலைப் பிறகு பாப்பம்” என்று மருந்துச் சீட்டு எழுதத் தொடங்கிவிட்டார். எனக்கு அப்பாடா என்று இருந்தது. குளிசை வேலை செய்தால் நான் வாயைத் திறக்கத் தேவையில்லை.

எழும்பும்போது ஒன்று மட்டும் கேட்டேன். காலை இளவெயில் நல்லது என்கிறார்களே, அதில் நின்றால் தலையும் இடிக்காது, விற்றமினும் கிடைக்கும்தானே? டொக்டர் சிரித்தார். “அந்த வெயிலில சுகமா நிக்கலாம். ஆனா இதுக்கு அது காணாது. உங்கட நிழல் உங்களைவிடக் கட்டையா விழுகிற நேரம்தான் தோல் விற்றமின் செய்யும்.”

எனக்கு அது பெரிய புதினமாக இருந்தது. ஐம்பத்திரண்டு வருடம் இந்த வெயிலுக்குக் கீழே நடந்திருக்கிறேன், என் நிழலின் நீளத்தை ஒருநாளும் பார்த்ததில்லை. சனிக்கிழமை காலை, கூட்டுகிற தும்புத்தடியின் கட்டையைக் கழற்றி முற்றத்துச் சீமெந்தில் நிறுத்தி, நிழல் விழுகிற இடத்தில் சோக்கால் கோடு போட்டேன். ஏழு மணிக்கு நிழல் வேலியில் ஏறி நின்றது. எட்டு மணிக்கும் தடியைவிட நீளம்தான். ஒன்பது மணிக்குக் கிட்டத்தான் தடியும் நிழலும் ஒரே அளவு என்று வந்தது. பன்னிரண்டு மணிக்கு நிழல் தடியின் காலடிக்குள் சுருண்டுவிட்டது. நாங்கள் இளவெயில் என்று கொண்டாடுகிற நேரத்தில் ஒன்றும் கிடைப்பதில்லை. கொல்லுகிற வெயில் என்று ஓடி ஒளிகிற நேரத்தில்தான் எல்லாம் கிடைக்கிறது. இதைக் கண்டுபிடித்த சந்தோசத்தில் அன்று மத்தியானக் கறிக்கு உப்புப் போட மறந்துவிட்டேன்.

பக்கத்து வீட்டுக்காரி கிண்ணியாவிலிருந்து இங்கே வாழ வந்த முஸ்லிம் பெண். வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, “என்ன அக்கா, முற்றத்துக்கு அளவெடுக்கிறீங்களா?” என்றாள். விசயத்தைச் சொன்னேன். அவளுக்கும் பிள்ளை வயிற்றில் இருந்தபோது இதே குறை என்று குளிசை கொடுத்தார்களாம். “நான் முகமும் கையும் தவிர எல்லாத்தையும் மூடிப் போறன், எனக்கு வந்தது சரி. உங்கட மகளுக்கு என்ன வந்தது?” என்று கேட்டாள். நியாயமான கேள்வி. என் மகள் புறப்படுகிற கோலத்தை நினைத்துப் பார்த்தேன். ஹெல்மெட், வாயை மூடி ஒரு துணி, முழங்கை தாண்டிய கையுறை, கணுக்கால்வரை காற்சட்டை, காலுக்கு மேசு. பாங்குக்குள் போனால் ஏசிக் குளிர். வெளியே வரும்போது சூரியன் போய்விடும். கிண்ணியாக்காரியின் முகத்தில் படுகிற அளவு வெயில்கூட என் மகளின் முகத்தில் படுவதில்லை.

அவளுடைய கதிரை பாங்கில் கண்ணாடி யன்னலோடுதான் இருக்கிறது, வெயில் மடியில் விழுகிறது என்று மகள் ஒருமுறை சொன்னாள். அதையும் டொக்டரிடம் போனில் கேட்டேன். கண்ணாடிக்குள்ளால் சூடு வரும், வேண்டியது வராது என்றார். மீன் விற்க வருகிறவரைக் கேட்டேன், அவர் தன் முதுகைக் காட்டி, “எனக்கு இதில ஒரு கப்பல் ஏத்துற அளவு இருக்கும்” என்றார். சூடை மீனில் கொஞ்சம் இருக்கிறது, முட்டை மஞ்சளில் கொஞ்சம் இருக்கிறது, அவற்றை மட்டும் நம்பினால் போதாது. கட்டாரில் வேலை செய்கிற என் கணவரிடம் சொன்னேன். அங்கே பாலைவன வெயிலுக்கு நடுவில் இருக்கிற கந்தோர்க்காரர் எல்லோரும் இதே குளிசையைத்தான் விழுங்குகிறார்கள் என்று சொன்னார். எல்லாவற்றிலும் என்னைக் குத்தியது வேறொன்று. கறுத்த தோலுக்குள் வெயில் மெதுவாகத்தான் வேலை செய்யுமாம், வெள்ளைத் தோலைவிடக் கூடுதல் நேரம் நிற்க வேண்டுமாம். வெயில் அதிகம் தேவைப்படுகிறவர்கள்தான் அதற்குப் பயந்து குடை பிடிக்கிறோம்.

இவ்வளவையும் ஆராய்ந்த நான், கையிலிருந்த குளிசை உறையை ஒழுங்காக வாசிக்கவில்லை.

குளிசையை வாங்கியது ஒரு திங்கட்கிழமை. எட்டுக் குளிசை. சின்னக் கடுதாசி உறையில் மருந்துக்கடைக்காரர் நீலப் பேனையால் எழுதியிருந்தார்: ஞாயிறு மட்டும், ஒன்று, சாப்பாட்டுக்குப் பின். எங்கள் ஊரில் ‘மட்டும்’ என்ற சொல்லுக்கு இரண்டு வேலை. ‘எனக்கு மட்டும்’ என்றால் எல்லோருக்கும் உள்ள அர்த்தம்தான். ‘நாலு மணி மட்டும் கந்தோரில நிண்டனான்’ என்றால் நாலு மணிவரை நின்றேன் என்று அர்த்தம். திங்கட்கிழமை கையில் தந்த மருந்தில் ஞாயிறு மட்டும் என்று இருந்தால் நான் என்னவென்று நினைப்பேன்? காய்ச்சலுக்குத் தருவதைப்போல ஞாயிறுவரை நாளுக்கு ஒன்று என்றே எடுத்துக்கொண்டேன். மகள் மறந்துவிடுவாள் என்று உறையை நானே வைத்திருந்து, சாப்பாடு முடிந்ததும் தண்ணீரோடு நானே கையில் கொடுத்தேன்.

வியாழக்கிழமை அவளுக்கு வயிற்றைப் பிரட்டிச் சத்தி வருகிற மாதிரி இருந்தது. வெள்ளிக்கிழமை சோறு வேண்டாம் என்றாள். போத்தல் போத்தலாகத் தண்ணீர் குடித்தாள். பங்குனி வெக்கை, யாருக்குத்தான் பசிக்கிறது என்று நானும் விட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஏழாவது குளிசையைக் கொடுத்தபின் உறையில் ஒன்று மிஞ்சியிருந்தது. ஏழு நாளுக்கு ஏன் எட்டுக் குளிசை? எனக்கு இப்படியான விசயங்களில் விடமுடியாத குணம். திங்கட்கிழமை கந்தோருக்குப் போகும் வழியில் மருந்துக்கடையில் இறங்கி, “தம்பி, எண்ணிப் போடத் தெரியாதோ? இஞ்ச ஒண்டு கூடிப்போச்சு” என்று உறையை நீட்டினேன்.

அவர் உறைக்குள் பார்த்தார். என்னைப் பார்த்தார். “அக்கா, இதுக்குள்ள ஏழெல்லோ மிஞ்சியிருக்கோணும்?”

“ஏழு குடுத்தாச்சு. ஒண்டுதான் மிச்சம்.”

“ஞாயிறில மட்டும் போடச் சொல்லியெல்லோ எழுதினனான். இது கிழமைக்கு ஒண்டு போடுற குளிசை அக்கா.”

ஏழு வாரத்துக்கான மருந்தை ஒரு கிழமைக்குள் என் கையாலேயே பிள்ளைக்கு விழுங்கக் கொடுத்திருக்கிறேன். ஏச வந்தவள் கடைப்படியில் குந்திவிட்டேன். அவர் தண்ணீர் கொண்டுவந்து தந்தார்.

டொக்டரிடம் மகளைக் கூட்டிக்கொண்டு ஓடினேன். அவர் பதறவில்லை. பெரும்பாலும் ஒன்றும் வராது, சிலருக்கு வேண்டுமென்றே ஒரேயடியாகக் கூடக் கொடுப்பதும் உண்டு, என்றாலும் எழுதித் தந்தபடிதான் கொடுக்கவேண்டும், இரத்தத்தில் கல்சியம் ஏறியிருக்கிறதா என்று பார்ப்போம், குளிசையை நிறுத்துங்கள், தண்ணீர் நன்றாகக் குடிக்கட்டும் என்றார். சத்தி வந்தது குளிசையாலா வெக்கையாலா என்று அவருக்கும் சொல்லத் தெரியவில்லை. ரிப்போர்ட் வர ஒரு நாள். அந்த ஒரு நாளும் நான் சாப்பிட்டதாக ஞாபகம் இல்லை. கல்சியம் கூடினால் சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்று எங்கேயோ வாசித்திருந்தேன். கந்தோரில் ஒரே கடிதத்தை மூன்று தரம் பிழையாக அடித்தேன்.

மகள் என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. “விடுங்கோம்மா. தெரியாமல் நடந்தது. நானும்தானே உறையைப் பாக்கேல்லை” என்று சிரித்தாள். பாங்கில் இதைச் சொல்லி எல்லோரும் சிரித்தார்களாம். நான் தெரிந்தே செய்த ஒன்று உள்ளே இருக்கும்போது, தெரியாமல் நடந்ததற்குக் கிடைத்த அந்த மன்னிப்பை வாங்க எனக்கு ஏலாமல் இருந்தது.

ரிப்போர்ட் நல்லபடியாக வந்தது. கல்சியம் சரி. டொக்டர் அதைப் பார்த்துவிட்டு மகளிடம் சொன்னார்: “மூண்டு மாசத்துக்கு ஒரு குளிசையும் வேண்டாம். இப்ப ஏறினது கால் நோவைக் குறைக்கும். ஆனா நீங்கள் இப்பிடியே மூடிக்கொண்டு திரிஞ்சால் திரும்பவும் இறங்கிடும். வெயிலில ஒரு நல்லது இருக்கு. அதால அளவு கூடிப்போகாது. போதுமெண்டால் தோல் தானே நிப்பாட்டிடும். எரியிற அளவுக்கு நிக்கத் தேவையில்லை. கையையும் காலையும் காட்டிக் கொஞ்ச நேரம், கிழமையில நாலைஞ்சு நாள்.”

“எனக்கு ஏலாது டொக்டர்” என்றாள் மகள். “தலை வெடிச்சிடும். நான் பிறகு குளிசையே போடுறன்.”

டொக்டர் என்னைப் பார்த்தார், தாயாவது எடுத்துச் சொல்லட்டும் என்பதுபோல. எல்லாவற்றையும் கேட்டுக் கேட்டு அறிந்தவள், தும்புத்தடியை நட்டு நிழல் அளந்தவள், அந்த இடத்தில் நிலத்தைப் பார்த்தேன். பிள்ளை நடக்க வேண்டும். அவளைச் சுகப்படுத்துகிற பொருள் எங்கள் முற்றத்தில் காலை ஒன்பது மணி தொடக்கம் சும்மா கொட்டிக் கிடக்கிறது. அவளை அங்கே போகவிடாமல் நிற்பது நான் எழுதிய கடிதம். அது எனக்கும் பழைய பள்ளிக்கூட அலுமாரிக்கும் மட்டுமே தெரியும்.

அடுத்த சனிக்கிழமை, ஒன்பதரை மணியிருக்கும். குசினி வாசலில் இருந்து அவள் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தாள். வெயில் அவளுடைய காலுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. அவள் காலை மடக்கி உள்ளே வைத்திருந்தாள். நான் பக்கத்தில் போய் இருந்தேன். சுற்றி வளைத்துத் தொடங்கினால் கடைசியில் வேறெதையாவது சொல்லிவிடுவேன் என்று பயந்து நேராகச் சொன்னேன்.

“உனக்குத் தலையிடி எண்டு ஒண்டு இருந்ததே இல்லை. நான்தான் எழுதிக் குடுத்தனான்.”

அவள் விளங்காமல் பார்த்தாள்.

“வலைப்பந்துக்குப் போனால் கறுத்துப்போவாய் எண்டு பயந்து, வெயிலில தலையிடிக்குது எண்டு ரீச்சருக்குக் கடிதம் எழுதினனான். பொய்க் கடிதம். உனக்கும் அதையே சொல்லிப்போட்டன்.”

ஏசுவாள் என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு முற்றத்தைப் பார்த்தாள். “நான் கோல் சூட்டரா விளையாடினனான்” என்றாள். எனக்கு அதுகூடத் தெரியாது. அவள் எந்த இடத்தில் விளையாடினாள் என்று நான் கேட்டதே இல்லை.

“இனிப் பயமில்லைப் பிள்ளை. நீ வெயிலில நிக்கலாம். உனக்கு ஒண்டும் செய்யாது” என்றேன்.

“அப்ப ஏன் அம்மா எனக்கு இடிக்குது?”

இப்போது விளங்காமல் பார்த்தது நான்.

“பாங்க் வாசலில இருந்து ஸ்கூட்டருக்குப் போறதுக்கிடையில இடிக்கும். இந்த இடத்தில” என்று இடது புருவத்துக்கு மேல் இரண்டு விரலை வைத்துக் காட்டினாள். “சில நாள் கண் தெரியாத மாதிரி வரும். மேசையில தலையைச் சாய்ச்சுக்கொண்டு இருப்பன். நான் பொய் சொல்லேல்லை அம்மா. ஆறாம் ஆண்டில இருந்து இடிக்குது.”

பதினாலு வருடமாக அவள் அதைச் சொன்னபோதெல்லாம் பழக்கத்தில் சொல்கிறாள் என்றே நான் நினைத்திருந்தேன். இல்லாத வருத்தத்துக்குப் பெயர் வைத்தது நான், அதை உடம்பில் வாங்கிக்கொண்டது அவள். எனக்கு அழுகை வந்தது. அவள் என்னைத் தேற்றவும் இல்லை, விலகிப் போகவும் இல்லை.

பிறகு முழங்காலில் கையை ஊன்றி எழும்பினாள். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொண்டு முற்றத்தில் இறங்கி, வெயிலில் நின்று கண்ணை மூடினாள். நானும் இறங்கிப் பக்கத்தில் நின்றேன்.

“இடிக்குதோ?” என்று கேட்டேன்.

“ஓம்” என்றாள். ஆனால் உள்ளே போகவில்லை.